மெக்சிகோ நாட்டுச் சோளக் கதிர்

மெக்சிகோ நாட்டில் ஓர் ஊருக்கு நாம் மாலை வேளையில் போய்ச் சேருவதாக வைத்துக்கொள்வோம். ஊர் நடுவில் ஒரு சதுக்கம். அதன் ஒரு பக்கத்தில் மாதா கோயில். இன்னொரு பக்கத்தில் நகராட்சி அலுவலகம். இடையில் நிழல் மரங்கள். பொழுது சாயும் நேரத்தில் அங்கே ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். வண்டியில் ஆவி பறக்கும் அண்டா இருக்கும். அல்லது கரி அடுப்பு இருக்கும். வெந்த சோளக் கதிரை எடுத்துக் குச்சியில் செருகி, மயோனிஸ் தடவி, உதிர்த்த பாலாடைக் கட்டியில் புரட்டி, மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து கையில் கொடுப்பார்கள். அதற்கு எலோத்தே என்று பெயர். தமிழகத்தில் மக்காச்சோளம் என்பதை இங்கே நாம் சோளம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்; இந்தப் பேச்சிலும் அப்படியே சொல்வோம்.

மெக்சிகோவின் நடுப்பகுதியில் மழை, மே அல்லது ஜூன் மாதத்தில் தொடங்கும். அந்த மழையை நம்பி விதைத்த சோளம் ஆகஸ்டு, செப்டம்பரில் பால் பிடிக்கும். ஊர்த் திருவிழாக்களில் எலோத்தே வண்டிகள் வரிசையாக நிற்கும் காலமும் அதுதான். நயாரித் மாநிலத்தில் ஹாலா என்ற ஊரில் ஆகஸ்டு மாதம் கதிருக்கென்றே ஒரு விழா நடக்கிறது. எவருடைய வயலில் மிக நீளமான கதிர் விளைந்தது என்று அங்கே போட்டி வைப்பார்கள். நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிய கதிர்கள் அந்த மண்ணில் விளைகின்றன. கிட்டத்தட்ட ஒரு முழம்!

கதிரைத் தின்று முடிக்க ஐந்து நிமிடம் போதும். அது உருவான கதையோ ஒன்பதாயிரம் ஆண்டுக் கதை. மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்னும் ஒரு காட்டுப் புல் வளர்கிறது. அதன் கதிர் நம் சுண்டு விரலைவிடச் சிறியது. அதில் பத்துப் பன்னிரண்டு மணிகளே இருக்கும். அவையும் கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். அந்தப் புல்லிலிருந்து நல்ல மணியைத் தேர்ந்து விதைத்து, அதிலும் நல்லதைத் தேர்ந்து விதைத்து, தலைமுறை தலைமுறையாகச் சோளத்தை உண்டாக்கியவர்கள் அந்நாட்டுப் பழங்குடி உழவர்கள். இன்றைய சோளம் தானாகக் காட்டில் முளைத்துப் பரவாது. மணிகள் மட்டைக்குள் இறுக மூடிக் கிடப்பதால், மனிதன் கை பட்டு உதிர்த்து விதைத்தால்தான் அதற்கு மறு பிறவி. மனிதன் சோளத்தை நம்பி வாழ்ந்தான். சோளமும் மனிதனை நம்பியே வாழ்ந்தது.

நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு அல்லவா? ஆஸ்டெக் மக்கள் பேசிய நவா மொழியிலும் சோளத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பெயர் உண்டு. பிஞ்சுக் கதிர் ஷிலோத். பால் பிடித்த கதிர் எலோத். முற்றிக் காய்ந்த கதிர் சிந்த்லி. வண்டிக்காரர் இன்று எலோத்தே என்று கூவுவது அந்தப் பழைய சொல்லைத்தான்.

1521இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த அந்த மக்களின் வாழ்க்கையை, பெர்னார்தினோ தெ சாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார், அவர்களுடைய முதியோரையும் படித்த இளைஞரையும் துணைக்கு வைத்துக்கொண்டு விரிவாக எழுதி வைத்தார். அதில் ஒரு கோடைத் திருவிழா வருகிறது. பழைய சோளம் குதிரில் தீர்ந்துபோய், புதுச் சோளம் இன்னும் முற்றாத ஆடி மாதத்தை ஒட்டிய காலம். ஏழைகள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். அப்போது அரசன் எட்டு நாட்களுக்கு ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் கஞ்சியும், தமால் என்னும் சோளக் கொழுக்கட்டையும் கொடுப்பான். விழாவின் முடிவில் பிஞ்சுக் கதிரின் தெய்வமான ஷிலோனெனுக்குப் படையல் நடக்கும். அந்தப் படையலில் ஒரு பெண்ணின் உயிரும் பலியானது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகே மக்கள் புதுக் கதிரில் வாய் வைப்பார்கள்.

அதே பாதிரியார் எழுதிய இன்னொரு செய்தி நம் தாய்மார்களுக்குப் பிடிக்கும். சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் மெல்ல ஊதுவார்களாம். நெருப்பைக் கண்டு அது பயப்படாமல் இருக்கத் தைரியம் சொல்வதாம்! தரையில் சிந்திய மணியை அப்படியே விட்டுப் போனால், அது ஆண்டவனிடம் முறையிடும் என்று பயந்து பொறுக்கி எடுப்பார்களாம். சிந்திய அரிசியை மிதிக்காதே என்று நம் பாட்டிமார் அதட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இளங்கதிர் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சோறு போட்டது காய்ந்த சோளமே. அதைச் சமைப்பதில்தான் அம்மக்களின் பேரறிவு இருந்தது. காய்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவிக் களைந்து அரைப்பார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அரைத்த மாவை வட்டமாகத் தட்டிக் கல்லில் சுட்டால் தோர்த்தியா என்ற ரொட்டி. சுண்ணாம்பில் வேகும்போது, சோளத்தில் சிறைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும் நிலைக்கு மாறுகிறது. சுண்ணாம்புச் சத்தும் கூடுகிறது.

ஸ்பானியர் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். சுண்ணாம்பைக் கொண்டு போகவில்லை. விளைவு என்ன? சோளத்தை மட்டுமே உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது, உயிரும் போனது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் முதன்முதலில் விவரித்த இந்த நோய்க்குப் பிற்காலத்தில் பெலாக்ரா என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தொழிலாளர் குடும்பங்களை அது வாட்டியது. இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைவால் வருவது என்று 1914 முதல் ஜோசப் கோல்ட்பர்கர் காட்டினார். நியாசினே மருந்து என்பது 1937இல் தெளிவாயிற்று. மெக்சிகோவின் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்கு மருந்தைப் பானையில் போட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தாய்மார்கள் பட்ட பாடும் சிறிதல்ல. விடியுமுன் எழுந்து, முழந்தாளிட்டு, மெத்தாத்தே என்ற அம்மிக் கல்லில் நாள்தோறும் பல மணி நேரம் அரைத்தார்கள். 1920களில் தெபோஸ்த்லான் என்ற ஊருக்கு மாவரைக்கும் இயந்திரம் வந்தது. வேலை குறைந்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆண்கள் எதிர்த்தார்கள். இயந்திரத்தில் அரைத்தால் ருசி இல்லை என்றும் சொன்னார்கள். அம்மியில் அரைக்காதவர்களுக்குத்தான் ருசி நன்றாகத் தெரியும் போலும்! கடைசியில் பெண்கள் பக்கமே வெற்றி.

இனி வருவது கசப்பான பகுதி. ஸ்பானியர் கோதுமை உண்பவர்கள். கோயில் பூசைக்கும் கோதுமை அப்பம்தான் செல்லும். ஆகவே கோதுமை ஆளுவோர் உணவாகவும், சோளம் ஆளப்படுவோர் உணவாகவும் ஆயின. நிலங்கள் மெல்ல மெல்ல அசியெந்தா எனப்படும் பெரும் பண்ணைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. போர்பிரியோ தியாஸ் ஆட்சி செலுத்திய 1876 முதல் 1911 வரையுள்ள காலத்தில் இந்தப் பண்ணைகளின் ஆதிக்கம் உச்சத்துக்குப் போனது. தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பங்கு சோளமாக வரும். இன்னொரு பங்கு பண்ணைக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லையாக வரும். கல்யாணமா, சாவா, கடையில் கடன் எழுதுவார்கள். கடன் தீரும்வரை பண்ணையை விட்டுப் போக முடியாது. அப்பன் செத்தால் கணக்கு மகன் தலையில் விழும். யுகாத்தான் பகுதியில் கயிற்று நாருக்காகக் கற்றாழை பயிரிட்ட தோட்டங்களில் இந்தக் கொடுமை மிக அதிகம். கங்காணி முன்பணமும் கடைக் கணக்கும் பார்த்த நம் முன்னோரின் வழிவந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. நிலத்தையும் கூலியையும் பார்க்காமல், அறிஞர் சிலர் தட்டைப் பார்த்தார்கள். 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி ஒரு நூல் எழுதினார். உலக மக்கள் கோதுமை உண்போர், அரிசி உண்போர், சோளம் உண்போர் என மூன்று வகையாம். கோதுமை உண்போரே முன்னேறுவார்களாம். பழங்குடி மக்களை மந்தமாக்கி வைத்திருப்பது சோளமாம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்! நிலம் பறிபோனதும் கூலி கிடைக்காததும் காரணமில்லை, சோளம்தான் காரணம் என்றால் பண்ணை முதலாளிக்கு எவ்வளவு வசதி!

1910இல் புரட்சி வெடித்தது. 1917ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 123ஆம் பிரிவு, கூலியைச் செலாவணிப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும், இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, முதலாளியிடம் பட்ட கடனுக்குத் தொழிலாளியின் குடும்பம் பொறுப்பல்ல என்றெல்லாம் விதித்தது. லசாரோ கார்தெனாஸ் 1934 முதல் 1940 வரை அதிபராக இருந்தபோது சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் ஹெக்டேர் நிலம் உழவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. சட்டத்தில் எழுதியதெல்லாம் உடனே வயலில் நடந்துவிடவில்லை. ஆனாலும் எழுதி வைத்தது பெரிய காரியம்.

உணவின்மேல் விழுந்த பழியும் சோதிக்கப்பட்டது. 1940களில் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் வாழும் ஒத்தோமி பழங்குடியினர் என்ன உண்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் போய் ஆராய்ந்தார்கள். வறண்ட பூமி, இறைச்சியும் பாலும் அரிது. இருந்தும் தோர்த்தியா, காட்டுக் கீரைகள், கற்றாழைக் கள் இவற்றைக் கொண்டே எதிர்பார்த்ததைவிட நல்ல சத்துணவு அவர்களுக்குக் கிடைத்திருப்பதைக் கண்டார்கள். அங்கே வறுமை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. குற்றம் சோளத்தில் இல்லை என்பதே பொருள். 2010இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிகோவின் மரபுச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2007 ஜனவரியில், தோர்த்தியா விலை ஏற்றத்தை எதிர்த்து அதே நாட்டு மக்கள் தலைநகரின் தெருவில் ஊர்வலம் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது வண்டிக்காரர் கொடுத்த கதிரை மறுபடி பாருங்கள். சோளமும் மிளகாயும் அந்த மண்ணுக்கே உரியவை. அங்கிருந்து புறப்பட்ட மிளகாய்தான் போர்த்துகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்து நம் குழம்பில் குடியேறியது. எலுமிச்சையோ ஆசியாவிலிருந்து ஸ்பானியர் வழியாக அங்கே போனது. பாலாடைக் கட்டி, ஸ்பானியர் ஓட்டி வந்த மாடுகளால் வந்தது. மயோனிஸ் நேற்று வந்த புட்டிச் சரக்கு.

இதை நம் வீட்டிலேயே செய்யலாம். நான்கு கதிர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மட்டையோடு இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரி நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பிறகு மட்டையை உரித்து, மணிகளில் அங்கங்கே கருமை படும்வரை மறுபடி வாட்டுங்கள். கரி அடுப்பு இல்லாதவர்கள் பத்து நிமிடம் அவித்து, எண்ணெய் தடவிய தோசைக் கல்லில் உருட்டி எடுக்கலாம். மயோனிஸ் வேண்டாம் என்றால், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, உப்புச் சேர்த்துக் குழைத்துத் தடவலாம். அவர்கள் போடும் கோத்திஹா என்ற உப்புப் பாலாடைக் கட்டி இங்கே எளிதில் அகப்படாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடித்து, கனமான அம்மிக் குழவியை மேலே வைத்து அழுத்தி, தாராளமாக உப்பிட்டு உதிர்த்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். மெக்சிகோக் கதிர் மாவுச் சத்து மிகுந்தது. நம் சந்தையில் கிடைப்பது இனிப்புச் சோளம். ஆகவே மிளகாயையும் எலுமிச்சையையும் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். சர்க்கரை கலந்த மார்ஜரினைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள்.

பல் இல்லாத தாத்தா, பாட்டிக்கு இன்னொரு வகை உண்டு. எஸ்கித்தே என்பார்கள். மணிகளைக் கத்தியால் சீவி எடுத்து, உப்பும் கீறிய பச்சை மிளகாயும் போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, கோப்பையில் ஊற்றி, மேலே அதே தயிர், அதே பாலாடைக் கட்டி, அதே எலுமிச்சை. அவர்கள் எப்பசோத்தே என்ற காட்டமான வாசனைக் கீரையைச் சேர்ப்பார்கள். நாம் கொத்துமல்லித் தழை போடலாம், மணம் வேறாக இருந்தாலும் நன்றாகவே இருக்கும். மணி சீவிய வெறும் தண்டையும் அந்தத் தண்ணீரிலேயே போட்டு வேகவிடுங்கள். சாற்றின் இனிப்பில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.