மருந்தகக் கதவைத் திறந்து வைத்த தாய்



தாப்பாவிலிருந்து கம்பார், கோப்பெங் வழியாக ஈப்போ செல்லும் பழைய சாலை நமக்கெல்லாம் பழக்கமான சாலை. அந்தச் சாலை வழியாகத்தான் 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை தெற்கு நோக்கிப் பின்வாங்கியது. டிசம்பர் 28-ஆம் நாள் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அடுத்த பத்து நாட்களுக்குள் கம்பாரும் தாப்பாவும் சிலிம் ரிவரும் வீழ்ந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லும் மூன்றரை ஆண்டுகள் இப்படித்தான் தொடங்கின.

அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தையும் அக்குடும்பம் நடத்திய மருந்தகத்தையும் தாங்கி நின்ற தாய் ஒருவரை இன்று நினைவுகூருவோம். அவர் பெயர் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899-ஆம் ஆண்டு சுமத்திராவில் மேடான் நகரில் பிறந்தவர், யுரேசியப் பெண்மணி. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை 1919-இல் மணந்தார். முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. பின்பு வில்லியம் என்ற பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். ஒல்கா, டான் என்று இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்தார்கள்.

1926-இல் ஈப்போ புருவ்ஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்தகம் திறந்தார்கள். அச்சாலைக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர். குடும்பமாகக் கடை நடத்துகிறவர்களை நாம் அறிவோம். கல்லாவில் ஒருவர் இருப்பார். வருகிறவர்களை முகம் பார்த்து விசாரிப்பது பெரும்பாலும் வீட்டம்மாதான். அந்த மருந்தகமும் அப்படியே. டாக்டர் நோய் பார்த்தார்; பிரசவமும் பராமரிப்பும் சிபிலின் கையில் இருந்தன. கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீனத் தாய்மாரும் அவரிடம் மனம் விட்டுப் பேசினார்கள். ‘மிஸ்ஸி’ என்றே அவரை அழைத்தார்கள்.

போர் வந்ததும் குடும்பம் ஈப்போவை விட்டுப் பாப்பான் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. அது பூசிங்கை அடுத்த பழைய ஈயலம்ப ஊர். அங்கே பெரிய தெருவில் 74-ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் மீண்டும் தொடங்கியது.

அந்நாளில் மருந்தகம் என்றால் என்ன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரப்பருக்கு விலையில்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. மலேரியா காய்ச்சலுக்குக் குவினா கிடைக்கவில்லை. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்களில் எத்தனையோ பேர் லயத்துக்குத் திரும்பவேயில்லை. அந்தப் பஞ்ச காலத்தில், காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழைகள் போய் நிற்கக்கூடிய வாசலாகப் பாப்பான் மருந்தகம் இருந்தது.

பகலில் ஊர் மக்கள் வந்தார்கள். இரவில் வேறு சிலர் வந்தார்கள். அவர்கள் காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடியவர்கள். குண்டுக் காயத்தோடு வந்தவர்கள். சிபில் அவர்களுக்கும் மருந்து போட்டார். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியையும் ஒளித்து வைத்திருந்தார்கள். அதில் லண்டன் ஒலிபரப்பைக் கேட்டு, போர்ச் செய்திகளை நம்பிக்கையானவர்களுக்குச் சொன்னார்கள். இப்போது நாம் விசையைத் திருப்பி வானொலி கேட்கிறோம். அன்று அது உயிரைப் பணயம் வைக்கும் செயல்.

1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீசார் குடும்பத்தைச் சூழ்ந்தார்கள். கணவரும் மகன் வில்லியமும் கைதானார்கள், சிபிலும் கைதானார். காட்டில் இருப்பவர்கள் யார், செய்தி கொண்டு போனவர்கள் யார் என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். அவர் பெயர் சொல்லவில்லை. கடைசியில் சிறுமியான மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். அப்போதும் அவர் பெயர் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பியது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பெற்ற பிள்ளையை விடவா மற்றவர்கள் பெரிது என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் சிபில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பெயருக்குப் பின்னும் ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருந்திருக்கும். அவர் கையால் பிறந்த குழந்தையாகவும் அது இருந்திருக்கலாம். மருந்தகத்துக்கு வந்தவர்களை அவர் தம் குடும்பத்தாராகவே எண்ணியிருந்தார் என்று கொண்டால்தான் அவருடைய மௌனம் நமக்கு விளங்கும். அது எளிதான மௌனம் அன்று. அதன் விலையை அவர் மட்டுமல்ல, வீடு முழுவதும் கொடுத்தது.

அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945-இல் போர் முடிந்து விடுதலையானபோது அவர் உடல் நொறுங்கியிருந்தது. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். 1947-இல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தார். தம் அனுபவங்களை அவர் எழுதி வைத்தார்; அது 1954-இல் நூலாக வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1948 ஜூன் 12-ஆம் நாள், 48-ஆம் வயதில், ஸ்காட்லாந்தில் காலமானார். தாடையில் பட்ட பழைய அடியின் புண்ணே அவர் உயிரைக் கொண்டு போயிற்று. மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, தூய மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதக்கம் பெற்றதால் சிபிலின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் தோட்டங்களில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பஞ்ச காலத்தில் ஒரு கலயம் கஞ்சியைப் பத்து வீட்டுக்குப் பங்கிட்ட ஆயாக்களின் பெயரும் இல்லை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, லயங்களும் இடிந்துவிட்டன. ஆனால் அவர்களை அறிந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “ஜப்பான்காரன் காலத்தில் நம்மைக் காப்பாற்றிய அம்மா யார்?” அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தில் ஓர் ஓரமாகவாவது எழுதி வையுங்கள்.