திரும்பி வராத விடைத்தாள்

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதன் முடிவில் பௌதிகத்தில் எனக்கு 31 மார்க்கு வந்தது. தேறுவதற்கு 35 வேண்டும். அந்த நாலு மார்க்கை எங்கே கோட்டை விட்டேன் என்று தெரிந்துகொள்ள எங்கள் பேராசிரியரிடம் போனேன். நல்ல மனிதர். "எனக்கு எப்படியப்பா தெரியும்? கேள்வி கேட்டவர் ஒருவர், தாளைத் திருத்தியவர் ஒருவர். நான் பாடம் சொன்னவன்தானே!" என்று சிரித்துவிட்டார். மறுபடி எழுதித் தேறினேன். ஆனால் முதலில் செய்த பிசகு என்னவென்று இன்று வரையில் எனக்குத் தெரியாது.

குற்றம் அவருடையதல்ல என்பது, பல வருஷம் கழித்துப் பழைய சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. லண்டன் சர்வகலாசாலையே அவற்றுக்கு மாதிரி. சர்வகலாசாலை என்றால் நமக்கு வகுப்பும் ஆசிரியரும் நினைவுக்கு வருகிறார்கள். அன்று அங்கே இரண்டும் கிடையாது. பாடம் சொல்வது கல்லூரியின் பாடு. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே சர்வகலாசாலையின் வேலை.

சென்னையின் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர், பழந்தமிழ் நூல்களைப் பின்னாளில் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. மற்றவர் விசுவநாத பிள்ளை. முன்னவர் மாணவராயிருந்த வட்டுக்கோட்டைச் செமினரியில் பின்னவர் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியர், மாணவர் என்ற பேதம் பாராமல் இருவரையும் ஒரே பரீட்சை அளந்தது!

இதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. அரசாங்கக் கல்லூரியானாலும் மிஷன் கல்லூரியானாலும் அளவுகோல் ஒன்றே. வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆனால் பாடம் சொன்னவருக்கும் பரீட்சைக்கும் இடையே அன்று எழுந்த சுவர் நெடுங்காலம் இடியவில்லை.

சுவரைக் கண்டவர்கள் இல்லாமற்போகவில்லை. பாடத்துக்காகப் பரீட்சை என்பது போய்ப் பரீட்சைக்காகப் பாடம் என்று ஆகிவிட்டதே, இதுதான் பெரிய கேடு என்று 1902-ஆம் வருஷத்துக் கமிஷன் சொன்னது. 1904-இல் வந்த சட்டம் சர்வகலாசாலைகளே பாடம் நடத்தவும் வழி செய்தது. சுதந்திரம் வந்தபின், 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது பரீட்சையில்தான் என்று அடித்துச் சொன்னது. மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை வருஷம் முழுவதும் வகுப்பில் செய்த வேலைக்கு ஒதுக்கவும் யோசனை கூறியது. 1978-இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. பாடம் சொல்பவரே கேள்வி கேட்டுத் திருத்தும் காலம் அங்கே பிறந்தது.

2011-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பளித்தது: தகவல் உரிமைச் சட்டத்தின்படி, திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்க மாணவனுக்கு உரிமை உண்டு. 1857-இலிருந்து எண்ணினால் 154 வருஷம்! ஆசிரியர் கையிலிருந்து வர வேண்டிய தாளைக் கோர்ட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

குடியானவன் அறுவடையான பிறகு மரக்காலால் அளக்கிறான். அது கணக்குக்கு. ஆனால் பயிர் நிற்கும்போதே தினம் வரப்பில் நடந்து, எங்கே மஞ்சள் தட்டுகிறது, எங்கே தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கிறானே, விளைச்சலைக் கொடுப்பது அந்தப் பார்வைதான். நம் கலாசாலைகள் மரக்காலைப் பழுதில்லாமல் வைத்திருந்தன. வரப்பில் நடக்கத்தான் மறந்துவிட்டன.

இன்று வகுப்பிலே மாதப் பரீட்சை வைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். தாளைப் பையனிடம் திருப்பிக் கொடுத்து, "இந்த இடத்தில்தான் தம்பி, வழி தவறினாய்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்துப் பேர் ஒரே இடத்தில் தவறியிருந்தால், அந்தப் பாடத்தை மறுபடியும் நடத்துங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அன்று பேராசிரியர் வீட்டு வாசலில் நின்றேன்.