பறவையின் மூக்கும் பாடநூலின் ஒரு வரியும்



பறவையின் அலகைத் தமிழில் மூக்கு என்றும் சொல்கிறோம். ஆயினும், அந்த மூக்கால் பறவை முகருமா என்று மாணவர் கேட்டால், “பறவைகளுக்கு மோப்ப உணர்வு இல்லை, கண்ணும் காதுமே துணை” என்றே நெடுங்காலம் விடை கூறப்பட்டு வந்தது. அவ்விடை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

1826ஆம் ஆண்டில் புகழ்பெற்ற பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு கட்டுரையை அளித்தார். அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகுகளிடம் தாம் செய்த சோதனைகளை அதில் விளக்கினார். உலர்ந்த புல் திணித்த மான்தோலை வெட்டவெளியில் வைத்தபோது, கழுகு இறங்கி வந்து கிழித்தது. அழுகிய பன்றியைப் புதரால் மூடி வைத்தபோதோ கழுகுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனவே, கழுகு கண்ணால் மட்டுமே இரை தேடுகிறது என்று முடிவு கட்டினார். ஆங்கில இயற்கையாளர் சார்ல்ஸ் வாட்டர்டன் இதனைக் கடுமையாக மறுத்தார். ஆயினும் ஆடுபானின் கருத்தே நிலைத்தது. ஒரு கழுகைப் பற்றிய முடிவு, நாளடைவில் பறவைகள் அனைத்திற்கும் பொதுவிதியாயிற்று.

அக்கழுகுகள் அளவுக்கு மீறி அழுகிய இறைச்சியை விரும்புவதில்லை, இறந்து அதிக நாள் ஆகாத உடலையே நாடுகின்றன என்பது பின்னாளில் தெரியவந்தது. சோதனையின் குறை கழுகின் குறையாக எழுதப்பட்டுவிட்டது!

அவ்விதியை அசைத்தவர்களுள் ஒருவர் பெட்சி பேங் என்னும் மருத்துவ ஓவியர். பறவைகளின் மூக்கறைகளை வரைந்தபோது, சிலவற்றில் மோப்பத்திற்குரிய உறுப்புகள் நன்கு வளர்ந்திருப்பதைக் கண்டு, 1960இல் வெளியிட்டார். 1964இல் கென்னத் ஸ்டேகர், அதே கழுகு வாடையால் இரை தேடுவதை மெய்ப்பித்தார்.

இரை தேட மூக்கு உதவுமெனில், துணை தேடவும் உதவுமா? அடுத்த கேள்வி இதுவே. அலாஸ்காக் கடற்பகுதியில் வாழும் கொண்டை ஆக்லெட் பறவையின் பிடரி இறகுகளில், இனப்பெருக்கக் காலத்தில், சீனப் புத்தாண்டுக்கு நாம் பரிமாறிக்கொள்ளும் ஆரஞ்சுப் பழத்தை ஒத்த மணம் வீசும். அவை ஒன்றன் பிடரியில் மற்றொன்று அலகைப் புதைத்து முகரும். அம்மணம் உறவாடலுக்கு உரியது என்று 2003இல் ஜூலி ஹேகலின் குழுவினர் காட்டினர். 2004இல் பொனடோனாவும் நெவிட்டும் கெர்கெலன் தீவுகளில், பிரையான் என்னும் கடற்பறவை தன் துணையின் மணத்தைப் பிறிதொரு பறவையின் மணத்திலிருந்து பிரித்தறிவதைக் கண்டனர்.

சிறு குருவிகளும் இதற்கு விலக்கல்ல. வாலடியில் சுரக்கும் எண்ணெயைப் பறவைகள் இறகுகளில் பூசிக்கொள்கின்றன. வட அமெரிக்க ஜங்கோ குருவிகளில் அதன் மணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறது. அம்மணத்திற்கும் அவை பெறும் குஞ்சுகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு என டேனியல் விட்டேக்கர் 2013இல் வெளியிட்டார். அச்சுரப்பியில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் அம்மணத்தில் பங்குண்டு என்பது 2019இல் வெளிவந்த அவரது ஆய்வு.

ஆதாரம் எப்போதும் பறவையின் மூக்கிலேயே இருந்தது. விடை தெரிந்துவிட்டதென எண்ணியதால், தேடியோர் சிலரே. ஆகவே, “இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஐயா?” என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால், பாடநேரம் சற்றுப் போனாலும் அக்கேள்விக்கு இடங்கொடுப்போம். வீட்டிலும் அவ்வாறே.