இரண்டு உறைபனியும் ஒரு இளவெயிலும்: ஃப்ளோரிடா ஆரஞ்சு அழிந்த கதை

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு மரத்தைக் கொல்வது குளிரா, இல்ல குளிருக்கு நடுவில் வர்ற வெயிலா?

1894. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம். வடக்கிலும் நடுப்பகுதியிலும் எங்க பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டங்கள். வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் பெட்டி பழம் விளைஞ்சது. மரம் நட்டுட்டுக் காய்ப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கையில் காசு பார்க்க ஆரம்பிச்ச குடும்பங்கள் அங்கே ஏராளம்.

டிசம்பர் கடைசியில் ஆர்லண்டோவில் வெப்பநிலை மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கியது. ஆரஞ்சுப் பழம் மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பிச்சிடும். உள்ளே உருவாகும் பனிக்கட்டி சுளைகளைச் சிதைச்சிடும். கொஞ்ச நாளில் சாறு வற்றி, பழம் சக்கை ஆயிடும். மரத்தில் இருந்த பழம் எல்லாம் போச்சு, இலையும் உதிர்ந்தது. ஆனா பெரும்பாலான மரங்கள் பிழைச்சுக்கிட்டன.

ஜனவரியில் நல்ல வெதுவெதுப்பு. மரங்கள் துளிர்விட்டன. 'இந்த வருஷம் போனா என்ன, அடுத்த வருஷம் இருக்கே'ன்னு விவசாயிகளுக்கும் நம்பிக்கை வந்தது.

ஆபத்தும் அந்தத் துளிரில்தான் இருந்தது. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரம் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, ஓரளவு தாங்கும் சக்தியைச் சேர்த்துவைக்கும். வெயில் பட்டு மறுபடி வளரத் தொடங்கினால் அந்தச் சக்தி போய்விடும். பட்டைக்கு அடியில் நீர் ஓடும். பிப்ரவரி 7, 8 தேதிகளில் மறுபடியும் உறைபனி. டிசம்பர் குளிரைத் தாங்கிய அதே மரங்கள் இந்த முறை பட்டை வெடித்து, தரைமட்டம் வரை செத்துப்போயின.

அடுத்த பருவத்தில் பழைய விளைச்சலில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. பலர் தோட்டத்தையும் வீட்டையும் அப்படியே விட்டுட்டு ஊரைக் காலி பண்ணினாங்க.

தெற்கே மியாமிப் பக்கம் மட்டும் பெரிய சேதம் இல்லை. அங்கே நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில், ரயில் அதிபர் ஹென்றி ஃப்ளாக்லருக்கு ஆரஞ்சுப் பூ அனுப்பி அவர் மனசை மாத்தினாங்கன்னு ஒரு கதை உண்டு. அழகான கதைதான், ஆனா வரலாற்றாசிரியர்கள் அதைச் சந்தேகிக்கிறாங்க. டட்டில் தன் நிலத்தில் ஒரு பங்கை ஃப்ளாக்லருக்குக் கொடுத்தது உண்மை. 1896 ஏப்ரலில் ரயில் வந்தது. ஜூலையில் மியாமி ஒரு நகரமானது.

வடக்கில் ஊரை விட்டுப் போகாதவங்க என்ன பண்ணாங்க? செத்த மரத்தின் வேரிலிருந்து வந்த துளிரில் மறுபடி ஒட்டுக் கட்டினாங்க. பின்னாடி குளிர்காலம் வந்தா இளம் மரத்தின் அடியில் மண்ணைக் குவித்து, ஒட்டுப் போட்ட இடத்தை மூடுற பழக்கமும் பரவியது. மேலே கிளை கருகினாலும் ஒட்டு பிழைக்கணும், அதுதான் கணக்கு.

இப்போ முதல் கேள்விக்கு என் பதில்: அந்த வருஷம் பழத்தைக் குளிர் கொன்னது. மரத்தைக் கொன்னதில் ஜனவரி வெயிலுக்கும் பங்கு உண்டு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.