கார்ல்ஸ்க்ரோனா பெருஞ்சதுக்கம்

சுவீடன் நாட்டின் தென்கிழக்கில், பால்டிக் கடலோரத் தீவுகளின்மீது அமைந்தது கார்ல்ஸ்க்ரோனா. 1658 வரை டென்மார்க்குக்கு உரியதாயிருந்த மண் அது. அம்மண்ணைக் காக்க, தலைநகராம் ஸ்டாக்ஹோமினும் விரைவிற் பனிக்கட்டி உருகும் துறையொன்று வேண்டுமெனக் கருதிய மன்னர் பதினோராம் கார்ல், 1680-இல் இக்கடற்படை நகரை நிறுவினார்.

நகரின் உச்சிமேட்டில் விரிந்துள்ளது பெருஞ்சதுக்கம். நடுவே மன்னரின் சிலை. அருகே நகர மன்றம். இருபாலும் இரு தேவாலயங்கள். இவ்விரண்டையும் பரோக் பாணியில் வரைந்தவர் இளைய நிக்கோடெமஸ் டெசின் என்னும் ஒரே சிற்பியார். இரட்டைக் கோபுரமுடைய பிரெடரிக் ஆலயம் சுவீடிய மக்களுக்கு. குவிமாடமுடைய திரித்துவ ஆலயம், ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகளுக்கு. வியப்பு யாதெனில், வந்தேறியோரின் ஆலயம் 1709-இலேயே நிறைவுற்றது. மண்ணின் மக்களுடையதோ 1744-இல்தான் திறப்புவிழாக் கண்டது!

1790-ஆம் ஆண்டுப் பெருந்தீ இரண்டையும் சிதைத்தது; இரண்டுமே மீண்டும் எழுப்பப்பெற்றன. 1998-இல் யுனெஸ்கோ இக்கடற்படை நகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

அரணும் பீரங்கியும் காக்க எழுந்த ஊர், அயல்மொழியாளர்க்கும் தன் நடுமுற்றத்திலேயே இடமளித்தது. பிறமொழி மண்ணில் வாழும் நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி இஃதன்றோ!