நாலு ஆமிக்காரரும் ஒரு கணக்கு மெஷினும்

கடுதாசி விளையாட்டு எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது முந்நூற்றிநாலுதான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. மாமாமார் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பிடித்துக்கொண்டோம். எந்தக் கடுதாசி இறங்கிவிட்டது, எது இன்னும் யாருடைய கையில் கிடக்கிறது எண்டு ஞாபகம் வைத்திருப்பவனை நாங்கள் கெட்டிக்காரன் என்போம். அதே வேலையை லாஸ் வேகாஸ் கசினோ ஒன்றில் செய்தால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது எண்டு தேடப்போய்த்தான் பிளாக்ஜாக்கின் வரலாற்றுக்குள் விழுந்தோம்.

விளையாட்டு பழையது. 1613 இல் வெளிவந்த செர்வாண்டஸின் கதைத்தொகுதியில் இரண்டு பெடியள் வருவார்கள். அதில் ஒருவன் 'இருபத்தொன்று' என்ற ஆட்டத்தில் ஆட்களை ஏமாற்றுவதில் விண்ணன். பிறகு பிரான்சிலும் அதே பெயரில் ஆடினார்கள். அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. இவ்வளவு காலமும் ஆடிய சனம் இந்த ஆட்டத்தை எப்படி ஆடவேண்டும் எண்டு கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு நம்பிக்கை, ஆளுக்கொரு சகுனம்.

விதி சுருக்கமானது. இரண்டு முதல் பத்து வரை அதன் பெறுமதி. ஜாக், குயின், கிங் மூன்றும் பத்து. ஏஸ் ஒன்றாகவும் வரும், பதினொன்றாகவும் வரும். உங்களுக்கு இரண்டு கடுதாசி, பிரிப்பவருக்கு இரண்டு. அவருடையதில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். 21 ஐத் தாண்டாமல் அவரைவிடக் கூட எடுக்கவேண்டும். தாண்டினால் காசு போய்விட்டது. முதல் இரண்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் வைத்த காசுக்கு ஒன்றரை மடங்கு. பிரிப்பவருக்குச் சுதந்திரம் கிடையாது: 16 வரைக்கும் எடுத்தேயாகவேண்டும், 17 க்கு நிற்கவேண்டும்.

வடிவாகப் பார்த்தால், பிரிப்பவர் ஒரு மெஷின் மாதிரி. யோசிக்கிற வேலை முழுக்க உங்களுக்குத்தான். அப்படியெண்டால் கசினோ எப்படி உழைக்கிறது? நீங்கள் முதலில் எடுக்கவேண்டும், அதில்தான் விஷயம். நீங்கள் 21 ஐத் தாண்டினால் அந்த இடத்திலேயே தோல்வி. பிறகு அவரும் தாண்டினார் எண்டாலும் உங்கள் காசு திரும்பி வராது. பிரிப்பவரைப் பார்த்து அப்படியே நீங்களும் ஆடினால் இருவரும் நூற்றில் 28 தடவை அளவில் தாண்டுவீர்கள். இருவருமே தாண்டுவது நூற்றில் எட்டுத்தடவை அளவில் நடக்கும். அந்த எட்டும் கசினோவின் பைக்குள். ஒன்றரை மடங்குச் சலுகையால் இரண்டுக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வரும். மிச்சம் ஐந்து வீதத்துக்கு மேல் நட்டம்.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்கெடுத்தவர்கள் சூதாடிகள் இல்லை, அமெரிக்க ஆமியில் இருந்த நாலு பேர். (எங்களுக்கு ஆமி முகாம் எண்டால் வேற ஞாபகம் வரும். அது வேற கட்டுரை.) 1950களின் நடுப்பகுதி, மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ஆயுதப் பரிசோதனை முகாம். ரொஜர் பால்ட்வின் கணிதத்தில் முதுமாணி முடித்த சாதாரண சிப்பாய். இரவுச் சீட்டாட்டம் ஒன்றில் யாரோ பிளாக்ஜாக் ஆடுவோம் என்றபோது, வேகாஸில் பிரிப்பவர் 17 க்கு நின்றேயாகவேண்டும் என்ற விதியும் கதையோடு வந்தது. எதிராளி என்ன செய்வான் எண்டு முன்கூட்டியே தெரிந்தால் அது கணக்குத்தானே. முகாமில் இருந்த மேசைக் கணிப்பான்களைப் பாவிக்க விடுவீர்களா எண்டு சார்ஜன்ட் வில்பர்ட் கான்ரியிடம் கேட்டார். கான்ரி தானும் சேர்ந்துகொண்டார். பிறகு ஜேம்ஸ் மக்டேர்மட்டும் ஹெர்பர்ட் மைசெலும்.

பகிடி என்னவெண்டால், உலகத்தின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றான எனியாக் அந்தக் காலத்தில் அதே அபர்டீனில்தான் இருந்தது. அது பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடச் செய்த மெஷின். இந்த நாலு பேரும் இரவிலும் வார இறுதியிலும் பட்டன் தட்டுகிற கணிப்பானோடு ஒன்றரை வருசம் அளவில் குந்தியிருந்தார்கள். பிரிப்பவரின் திறந்த கடுதாசி பத்து வகை. ஒவ்வொன்றுக்கும் அவர் 17, 18, 19, 20, 21 இல் முடிய எவ்வளவு வாய்ப்பு, தாண்ட எவ்வளவு வாய்ப்பு எண்டு முதலில் காணவேண்டும். பிறகு உங்கள் கையில் வரக்கூடிய ஒவ்வொரு தொகைக்கும் நிற்பதா எடுப்பதா எண்டு ஒப்பிடவேண்டும்.

முடிவு 1956 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. அதில் தொடங்கியதுதான் இண்டைக்கு 'அடிப்படை உத்தி' என்கிறார்களே, அது.

அதைப் பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை. பிரிப்பவரின் கடுதாசி 4, 5, 6 எண்டால் அவர் தாண்டப்போகிறவர். 5 அல்லது 6 இருந்தால் நூற்றில் நாற்பதுக்கு மேல் அவர் தாண்டுவார். உங்களிடம் 12 இருந்தாலும் சும்மா இருங்கள், அவர் தன்பாட்டில் விழட்டும். 2, 3 இருந்தாலும் 13 இல் இருந்து நிற்கலாம். ஆனால் அவரிடம் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஏஸைப் பதினொன்றாக எண்ணாத கை 17 வரும்வரை எடுத்துக்கொண்டே போகவேண்டும். இரண்டு ஏஸ் வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடவேண்டும், இரண்டு எட்டும் அப்படித்தான். இரண்டு பத்தைப் பிரிப்பது விசர்வேலை. முதல் இரண்டிலும் 11 வந்தால், எதிரில் ஏஸ் இல்லாவிட்டால், காசை இரட்டிப்பாக்கு.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு இடம். கையில் 16, எதிரில் 10. எடுத்தால் பதின்மூன்று வகையில் எட்டு வகை உங்களைக் கவிழ்க்கும், 62 வீதம். அதனால் கை நடுங்கும், நில் எண்டு மனம் சொல்லும். ஆனால் நின்றாலும் பிரிப்பவர் தாண்டினால்தான் உங்களுக்கு வெற்றி. இரண்டு வழியிலும் 100 ரூபாய்க்குச் சராசரியாக 54 ரூபாய் அளவில் போகும். எடுத்தால் ஒரு மயிரிழை குறைவாகப் போகும், அவ்வளவுதான். ஆக, இந்த உத்தியில் பெரும்பகுதி வெல்லுவதற்கான வழியே இல்லை, குறைவாகத் தோற்பதற்கான வழி. நாலு பேரின் கணக்கிலும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் 100 டொலருக்கு 62 சதம் கசினோவுக்குப் போனது. 'பிளாக்ஜாக் படிச்சு உழைக்கலாம்' எண்டு யூடியூப்பில் கத்துகிறவர்கள் இந்த வரியை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதை எங்களால் கடந்துபோக முடியவில்லை. வில்பர்ட் கான்ரி கறுப்பினத்தவர். அந்தக் கட்டுரை வந்த 1956 இல் லாஸ் வேகாஸின் பெரிய கசினோக்களுக்குள் கறுப்பர்கள் வாடிக்கையாளராகப் போகமுடியாது. சமி டேவிஸ் ஜூனியர் போன்ற நட்சத்திரங்களே மேடையில் பாடிவிட்டு, நகரத்தின் மற்றப் பக்கத்தில் போய்த்தான் படுக்கவேண்டியிருந்தது. 1960 மார்ச்சில், வீதியில் இறங்கி ஊர்வலம் போவோம் எண்டு கறுப்பினத் தலைவர்கள் எச்சரித்த பிறகுதான் மூலின் ரூஜ் உடன்பாடு வந்து கதவு திறந்தது. அந்த மேசையில் எப்படி ஆடவேண்டும் எண்டு உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவருக்கு அந்த மேசையில் இருக்கவே இடமில்லை. பிளாக்ஜாக் பற்றிய கதைகளில் இது ஒரு வசனமாகக்கூட அநேகமாக வருவதில்லை.

பேர் பெற்றவர் எட்வர்ட் தோர்ப். அவர் கணித விரிவுரையாளர். 1958 நத்தார் லீவில் அந்த உத்தியை ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொண்டு வேகாஸ் போய், பத்து டொலரில் எட்டரை டொலரைத் தோற்றுவிட்டு வந்தார். வந்து பால்ட்வினுக்கு எழுதி, கணக்குக் கொப்பிகளை வாங்கினார். பிறகு எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கணினியில் வேறொரு கேள்வி கேட்டார்: இறங்கிய கடுதாசிகள் திரும்பிக் கட்டுக்குள் போகாவிட்டால்? நாலு ஐந்தும் இறங்கிவிட்ட கட்டில் ஆடுபவருக்கே மேலான கை எண்டு வந்தது. பத்துகள் மிஞ்சியிருந்தாலும் அப்படித்தான். எங்கட முந்நூற்றிநாலு மூளைதான். 1961 இல் இரண்டு பணக்காரரின் 10,000 டொலரோடு நெவாடா போய் 11,000 டொலர் லாபத்தோடு வந்தார். 1962 இல் அவருடைய 'பீட் த டீலர்' புத்தகம் வந்தது. 1964 இல் வேகாஸ் கசினோக்கள் பயந்துபோய் விதியை இறுக்க, சனம் வராமல் விட்டது. சில கிழமைகளில் பழைய விதிக்கே திரும்பினார்கள்.

பிறகு கண்டுபிடித்தார்கள், விதியை அவ்வளவு மாற்றத் தேவையில்லை, எண்ணுகிறவனை வெளியே அனுப்பினால் போதும். கட்டுகளைக் கூட்டினார்கள். இப்போது பல மேசைகளில் ஒன்றரை மடங்கும் இல்லை, ஐந்துக்கு ஆறுதான். அந்த ஒரு மாற்றம் மட்டுமே கசினோவுக்கு இன்னும் 1.4 வீதம் அளவில் கொடுக்கிறது. நாலு பேரின் ஒன்றரை வருச உழைப்பால் ஆடுபவருக்கு மிச்சமானதில் ஒரு பெரிய துண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

2008 இல் அந்த நாலு பேரையும் பிளாக்ஜாக் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். சேர்க்கப்படுகிறவர்களுக்கு கலிபோர்னியாவின் பரோனா கசினோ ஆயுள் முழுக்க அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் இலவசமாகத் தரும். ஒரேயொரு நிபந்தனை: அங்கே ஒருநாளும் பிளாக்ஜாக் மேசையில் இருக்கக்கூடாது.