இரண்டு நாடக சாலைகள்

மயிலாப்பூரிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ரிப்பன் மாளிகைக்கு அருகே ஒரு சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1883-ல் அஸ்திவாரம் போட்டார்கள். சிஷோம் துரை வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார்.

1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தம் தெலுங்குக் கோஷ்டியுடன் சென்னைக்கு வந்தார். அதுவரை நாடகம் என்றாலே முகம் சுளித்த ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, படித்த மனிதர்கள் மேடையேறி நடிப்பதைக் கண்டு வியந்துபோனான். அந்த வருஷமே நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையை ஆரம்பித்தான். பிற்காலத்தில் ஜட்ஜாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார்தான் அந்தப் பிள்ளை. 'கூத்தாடி' என்று ஊர் பழித்த தொழிலுக்கு வக்கீல்கள் வந்தார்கள். சத்தியமூர்த்தி கூட வந்தார். சபையின் நாடகங்கள் பல காலம் இந்த ஹாலில் நடந்தன. ஸ்திரீபார்ட் போட்ட ரங்கவடிவேலுவைப் பற்றி முதலியார் தம் நினைவு நூலில் உருகி உருகி எழுதியிருக்கிறார்.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1889-ல், டோக்கியோவில் கபுகிசா என்ற நாடக சாலை திறக்கப்பட்டது. அங்கும் பெண் வேஷம் ஆண்களுக்கே, 1629-லிருந்து அப்படி. அந்தக் கொட்டகை பட்ட பாடு கொஞ்சமல்ல! 1921-ல் தீப்பிடித்தது. திரும்பக் கட்டும்போதே 1923-ல் பூகம்பம் வந்தது. 1945-ல் குண்டு விழுந்தது. 1951-ல் எழுந்தது, பிறகு இடித்துக் கட்டி 2013-ல் மறுபடி திறந்தார்கள். இத்தனைக்கும் கபுகி நிற்கவில்லை. அங்கே நடிகனின் பெயரே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. டாஞ்சூரோ என்ற பெயருக்கு இப்போது பதின்மூன்றாவது வாரிசு.

நம் கதை நேர்மாறு. கட்டடம் எரியவில்லை, இடியவில்லை. நாடகந்தான் வெளியேறிவிட்டது. சபை மவுண்ட் ரோடுக்குப் போனது. ஜனங்கள் சினிமாவுக்குப் போனார்கள். ஹால் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ரங்கவடிவேலுவின் வேஷத்தை அவருக்குப் பின் கட்டுவதற்கென்று நாம் யாரையும் தயார் செய்யவில்லை.

மாநகராட்சி அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்க முனைந்தது நல்ல காரியம். ஆனால் செங்கல்லைச் சீராக்கினால் மட்டும் போதுமா? முதலியாரின் 'மனோகரா'வை 1954-ல் வந்த சினிமாவாக நாம் அறிவோம். அதை அவர் எழுதியபடியே, ஒரு மாலையாவது அந்த மேடையில் நடித்துக் காட்ட நாலு பேர் கிடைக்க மாட்டார்களா? கிடைத்தால் முதல் டிக்கெட் எனக்கு.